பழைய மாணவி வயலினோடு வருகிறார்: எங்கள் இளையோர் இசைக்குழுவின் நிகழ்ச்சி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தை மாதக் கடைசிச் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு, வேலூர் பாகாயம் சாலையிலுள்ள பள்ளிக் கலையரங்கத்தில் எங்கள் இளையோர் இசைக்குழுவின் ஆண்டு நிகழ்ச்சி நடைபெறுகிறது. சிறுமியாக இக்குழுவில் சேர்ந்து, பள்ளிப் படிப்பு முடியும்வரை இங்கே வாசித்து, பிறகு ஐரோப்பாவில் இசை பயின்று, இன்று அங்கேயே ஓர் இசைக்குழுவில் பணியாற்றும் எங்கள் பழைய மாணவி, ஜெர்மானிய இசையமைப்பாளர் மெண்டல்சோனின் ஈ மைனர் வயலின் கான்செர்ட்டோவில் தனி வயலின் வாசிக்கிறார். அழைப்பிதழ் கைக்கு வந்ததிலிருந்து பெற்றோரும் ஊர் ரசிகர்களும் கேட்டுவரும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

தனி வயலின் வாசிப்பவரைப் பற்றிச் சொல்ல முடியுமா?

அவருடைய பெயரும் படிப்பும் பெற்ற பரிசுகளும் அழைப்பிதழில் அச்சாகியிருக்கின்றன. இக்குழுவோடு அவருக்குள்ள உறவை மட்டும் இங்கே சொல்கிறோம். அவர் முதலில் அமர்ந்தது இரண்டாம் வயலின் வரிசையின் கடைசி இருக்கையில். அங்கிருந்து முன்வரிசைக்கு வர அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளில் பக்கத்தில் இருப்பவர் என்ன வாசிக்கிறார் என்று கேட்டுக்கொண்டே வாசிக்கக் கற்றதுதான் தமக்கு இன்றும் சோறு போடுகிறது என்று அவரே எங்கள் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறார். நிகழ்ச்சியின் முற்பகுதியில் அவர் மேடையில் தனியாக நிற்கப்போவதில்லை. தாமே கேட்டுக்கொண்டபடி, இரண்டாம் வயலின் வரிசையில் இப்போதைய மாணவர்களுக்கு நடுவே அமர்ந்து வாசிப்பார். இடைவேளைக்குப் பிறகுதான் கான்செர்ட்டோ.

கான்செர்ட்டோ என்பது என்ன? நம் கச்சேரியில் வயலின் தனிக் கச்சேரி உண்டே, அது போன்றதா?

இரண்டிலும் வயலின்தான் முன்னால் நிற்கிறது, ஆனால் அமைப்பு வேறு. நம் வயலின் தனிக் கச்சேரியில் பக்கவாத்தியம் மூன்று நான்கு பேர். ராகமும் கல்பனாஸ்வரமும் அந்தந்த நேரத்து மனோதர்மத்தில் பிறக்கின்றன. கான்செர்ட்டோவில் தனி வாத்தியத்துக்கு எதிரே ஒரு முழு இசைக்குழு இருக்கிறது. ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டிய ஏறத்தாழ ஒவ்வொரு ஸ்வரமும் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்பட்டதை எப்படி வாசிப்பது, எங்கே சற்று நிறுத்துவது, எங்கே விட்டுக்கொடுப்பது என்பதில்தான் கலைஞரின் மனோதர்மம் வெளிப்படும். வழக்கமாக மூன்று பகுதிகள் இருக்கும்: வேகமான ஒன்று, நிதானமான ஒன்று, மீண்டும் வேகமான ஒன்று. இந்தக் கான்செர்ட்டோ ஏறத்தாழ அரை மணி நேரம் நீளும்.

எத்தனையோ கான்செர்ட்டோக்கள் இருக்க, இதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?

இந்தக் கேள்விக்கு விரிவாகவே விடை சொல்ல விரும்புகிறோம், ஏனென்றால் இந்த நிகழ்ச்சியின் நோக்கமே அதில் அடங்கியிருக்கிறது.

மெண்டல்சோன் 1838-இல், லைப்சிக் நகரத்து கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவின் முதல் வயலின் கலைஞரான பெர்டினாண்ட் டாவிடுக்கு எழுதிய கடிதத்தில், ஈ மைனரில் ஒரு வயலின் கான்செர்ட்டோ மனத்தில் ஓடிக்கொண்டிருப்பதாகவும் அதன் தொடக்கம் தம்மை நிம்மதியாக இருக்கவிடவில்லை என்றும் குறிப்பிட்டார். அதை எழுதி முடிக்க 1844 ஆனது. இடைப்பட்ட ஆண்டுகளில் வயலினில் எது வசப்படும், எது வசப்படாது என்று டாவிடிடம் கேட்டுக் கேட்டுத் திருத்தினார். 1845 மார்ச் 13 அன்று லைப்சிக்கில் டாவிட் அதை முதன்முதலில் வாசித்தார். மெண்டல்சோன் உடல்நலமின்றி இருந்ததால் நீல்ஸ் காடே இசைக்குழுவை நடத்தினார். அதே ஆண்டு நவம்பரில் டிரெஸ்டனில் இதை வாசித்த, பின்னாளில் பெரும்புகழ் பெற்ற வயலின் கலைஞர் யோசப் யோவாகிமுக்கு வயது 14. எங்கள் குழுவில் அந்த வயதில் பலர் இருக்கிறார்கள் என்பதால் இச்செய்தியை மாணவர்களுக்கும் சொல்லியிருக்கிறோம்.

இவை வரலாறு. நாங்கள் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இசைக்குள்ளேயே இருக்கிறது. மொசார்ட், பேத்தோவன் காலத்துக் கான்செர்ட்டோக்களில் இசைக்குழு முதலில் நெடுநேரம் வாசித்துக் களம் அமைத்துக்கொடுத்த பிறகே தனிக் கலைஞர் உள்ளே வருவார். இதில் இரண்டாவது தாளக்கட்டிலேயே தனி வயலின் உயர்ந்த ஸ்தாயியில் மெட்டைத் தொடங்கிவிடுகிறது. குழுவினர் முதல் நொடியிலிருந்தே மெல்லிய ஒலியில் அதைத் தாங்க வேண்டும். சத்தமாக வாசிப்பது இளையோருக்கு எளிது, ஒருவரோடொருவர் ஒட்டி மெல்ல வாசிப்பதுதான் கடினம். ஆடி மாதத்திலிருந்து ஞாயிறுதோறும் நடக்கும் ஒத்திகையில் பெரும்பொழுது இந்த முதல் பக்கத்துக்கே போயிருக்கிறது.

இதைவிட முக்கியமானவை இரண்டு இடங்கள். முதல் பகுதியில் இரண்டாவது மெட்டு வரும்போது, அதை வாசிப்பவர் தனி வயலின் கலைஞர் அல்லர். புல்லாங்குழல்களும் கிளாரினெட்டுகளும் வாசிக்கின்றன. அந்நேரம் தனி வயலின், தன் நான்கு தந்திகளில் மிகத் தாழ்ந்ததான ஜி தந்தியை விரல் வைக்காமல் ஒரே நீண்ட ஒலியாக இழுத்து, மேலே நடக்கும் மெட்டுக்குச் சுருதி போட்டுக்கொண்டிருக்கும். இன்னோர் இடம், கடென்ஸா எனப்படும் துணையில்லாத தனி வாசிப்பின் முடிவு. முந்தைய கான்செர்ட்டோக்களில் இது பகுதியின் கடைசியில் வரும், கலைஞர் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்வார். மெண்டல்சோன் அதை முழுவதுமாக எழுதி, பகுதியின் நடுவே வைத்துவிட்டார். அதன் முடிவில் வில் நான்கு தந்திகளின்மேலும் துள்ளித் துள்ளி ஓட, அந்த ஓட்டம் நிற்காமலே இசைக்குழு தொடக்க மெட்டை எடுத்துக்கொள்கிறது. அங்கே தனி வயலின்தான் பக்கவாத்தியம். மெட்டு நம் பிள்ளைகள் கையில்.

திரும்பி வரும் மூத்த மாணவியும் இன்றைய மாணவர்களும் ஒரே மேடையில் வாசிக்க, இதைவிடப் பொருத்தமான படைப்பு எங்களுக்குத் தெரிந்து இல்லை. புகழ்பெற்ற ஒருவரின் பின்னால் பிள்ளைகளை அலங்காரமாக உட்காரவைக்கும் நிகழ்ச்சியாக இது இருந்துவிடக் கூடாது என்பதில் அவரும் உறுதியாக இருக்கிறார். கடைசிப் பகுதியை உலக மேடைகளில் வாசிக்கும் வேகத்தில் எங்கள் மாணவர்களால் தெளிவாக வாசிக்க இயலாது என்பதால், சற்றே நிதானமான வேகத்துக்கு அவர் மனமுவந்து ஒப்புக்கொண்டார்.

இது என்ன ராகம்?

கர்நாடக இசை கேட்டுப் பழகிய பலரும் கேட்கும் நல்ல கேள்வி. ராகம் என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் ராகத்துக்கு வேண்டிய பிடிகளும் கமகங்களும் இதில் இல்லை. ஸ்வரஸ்தானங்களை மட்டும் பார்த்தால் முதல் பகுதி நடபைரவிக்கும் கீரவாணிக்கும் இடையே போய்வரும். இரண்டாம் பகுதியும் மூன்றாம் பகுதியின் பெரும்பகுதியும் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்.

நம் காதுக்குப் புதிதாக இருப்பது வேறொன்று. நம் கச்சேரியில் தம்பூரா தொடக்கம் முதல் மங்களம்வரை ஒரே ஆதார ஷட்ஜத்தை மீட்டிக்கொண்டிருக்கும். இங்கே ஷட்ஜமே இடம் மாறும். முதல் பகுதியில் ஈ என்ற ஸ்வரம் ஷட்ஜமாக இருக்கிறது, இரண்டாம் பகுதியில் சி, மூன்றாம் பகுதியில் மீண்டும் ஈ. ஒரு பகுதிக்குள்ளேயே இப்படி நகர்வதும் உண்டு. கிரகபேதம் கேட்டு ரசித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

எப்போது கைதட்டலாம்?

நிகழ்ச்சியின் முற்பகுதியில் உங்களுக்குத் தோன்றும்போது தட்டலாம். கான்செர்ட்டோவில் மட்டும் ஒரு வேண்டுகோள். முதல் பகுதி மிகுந்த வேகத்தோடும் முழக்கத்தோடும் முடியும், கைகள் தாமாகவே தட்டத் தோன்றும். அந்த நொடியில் தட்டாதீர்கள்.

காரணம் இதுதான். மெண்டல்சோன் மூன்று பகுதிகளையும் இடைவெளி இல்லாமல் வாசிக்கும்படி எழுதினார். முதல் பகுதியின் கடைசி ஒலிக்கூட்டு ஓய்ந்ததும், அதிலிருந்த பி என்ற ஒரே ஸ்வரத்தை மட்டும் பஸூன் என்ற தாழ்ந்த ஒலியுடைய ஊதுவாத்தியம் தனியே பிடித்துக்கொண்டு நிற்கும். மற்ற அனைவரும் நிறுத்தியிருப்பார்கள். பிறகு அந்த ஸ்வரம் அரைச் சுருதி மேலேறி சி என்ற ஸ்வரத்தில் அமரும், அங்கிருந்து இரண்டாம் பகுதி மலரும். நம் கணக்கில் சொன்னால், ஈ ஷட்ஜமாக இருந்தபோது பஞ்சமமாக நின்ற அதே ஒலி, காகலி நிஷாதமாக மாறிப் புதிய ஷட்ஜத்தில் போய்ச் சேர்கிறது. கைதட்டல் எழுந்தால் இந்த ஒற்றை ஒலி முழுவதும் மூழ்கிவிடும்.

எங்கள் குழுவில் பஸூன் இல்லை. அந்த ஸ்வரத்தைச் செல்லோ என்ற பெரிய தந்தி வாத்தியத்தில் இரண்டு மாணவிகள் சேர்ந்து வாசிக்கிறார்கள். வில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்த் திரும்பும் இடத்தில் ஒலி இம்மியளவு அறுந்துபோகும் என்பதால், ஒருத்தி வில்லைத் திருப்பும்போது மற்றவள் தன் வில்லின் நடுப்பகுதியில் இருக்கும்படி இருவரும் மாற்றி மாற்றி இழுக்கிறார்கள். யார் எப்போது திருப்புகிறார் என்பது காதுக்குத் தெரியாத அளவுக்கு இப்போது வந்துவிட்டது. கான்செர்ட்டோவில் அவர்கள் இருவரும் மட்டும் தனித்து ஒலிக்கும் இடம் அது ஒன்றுதான்.

முற்பகுதியில் என்னென்ன வாசிக்கிறீர்கள்?

மொசார்ட் 1787-இல் தந்தி வாத்தியங்களுக்காக எழுதிய செரினேடின் முதல் பகுதியும், முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்யங்கள் சிலவும். ஐரோப்பிய வாத்தியக் குழுக்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு வடமொழியில் சாகித்யம் அமைத்தவர் தீட்சிதர். ‘சக்தி ஸஹித கணபதிம்’ பாட்டு வகுப்பில் தொடக்கத்திலேயே சொல்லித்தரப்படுவது என்பதால் வந்திருப்போர் பலரும் கூடவே முணுமுணுப்பார்கள், அதைத் தடுக்க மாட்டோம்.

கர்நாடக வயலின் கற்கும் பிள்ளைகள் இதைக் கேட்பதால் பயன் உண்டா? கைப்பழக்கம் கெட்டுவிடாதா?

கேட்பதால் எதுவும் கெடாது. வயலின் நம் இசைக்குள் வந்ததே இப்படிக் கேட்டதால்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னைப் பகுதியில் ஐரோப்பியக் கலைஞரிடம் வயலின் பயின்று, அதைக் கர்நாடக இசைக்கு ஏற்றவாறு பழக்கியவர். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அந்தப் பாதையில் நடந்தவர்.

வாத்தியம் ஒன்றே, பிடிப்பும் சுருதியும் வேறு. நாம் தரையில் அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியைக் காலின்மேல் ஊன்றி வாசிக்கிறோம். அதனால் இடது கை தாராளமாக மேலும் கீழும் வழுக்கிப் போக முடிகிறது, கமகத்துக்கு அது இன்றியமையாதது. மேலை முறையில் வயலின் மோவாய்க்கும் தோளுக்கும் நடுவே நிற்கும். நம் தந்திகள் ஸ-ப-ஸ-ப என்று அமையும்; அவர்களுடையவை ஒவ்வொன்றும் அடுத்ததற்குப் பஞ்சம இடைவெளியில், ஜி, டி, ஏ, ஈ என்று அமையும். இரண்டையும் ஒரே ஆண்டில் தொடங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஒன்றில் கை நின்ற பிறகு மற்றொன்றுக்கு வந்தவர்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள், சுருதி விலகினால் முதலில் முகம் சுளிப்பவர்கள் அவர்களே.

தனி வயலின் கலைஞருக்குச் சன்மானம் உண்டா? பழைய மாணவிதானே?

உண்டு. பயணச் செலவும் தங்குமிடமும் தவிர, மேடையேறுவதற்கான சன்மானமும் கொடுக்கிறோம். ஊர்ப் பிள்ளை, பழைய மாணவி என்பதற்காக ஒருவரை இலவசமாக வாசிக்கச் சொல்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை. இசையைத் தொழிலாகக் கொள்ளலாமா என்று யோசிக்கும் பதினாறு வயதுப் பிள்ளைகள் அதே மேடையில் இருக்கிறார்கள். உழைப்புக்கு ஊதியம் உண்டு என்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

தை மாதத்தில் ஏன்? பொதுத்தேர்வு நெருங்குகிறதே?

மார்கழியில் அரையாண்டுத் தேர்வு இருக்கிறது. எங்கள் மாணவர்களில் பலர் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் இருப்பதால், கிறிஸ்துமஸ் முடியும்வரை மாலைகள் அவர்கள் கையில் இல்லை. பங்குனிக்குப் பிறகு வேலூர் வெயிலில் வாத்தியங்களின் மரமும் பசையும் படும் பாடு கொஞ்சமல்ல, வாசிப்பவர்கள் பாடு அதற்கும் மேல். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பொங்கலுக்குப் பிறகு கான்செர்ட்டோவின் ஒத்திகைகளுக்கு மட்டும் வந்தால் போதும் என்று வைத்திருக்கிறோம். அதையும் விட்டுவிட்டுப் படிக்க வேண்டும் என்று ஒரு பிள்ளையோ வீட்டாரோ முடிவெடுத்தால், அந்த இருக்கை அடுத்த ஆண்டும் அப்பிள்ளைக்கு உண்டு.

ஒலிபெருக்கி வைப்பீர்களா? பின்வரிசையில் கேட்குமா?

அறிவிப்புகளுக்கு மட்டுமே ஒலிபெருக்கி. வாத்தியங்கள் இயல்பான ஒலியில்தான் கேட்கும். முதல் ஐந்து நிமிடம் ஒலி குறைவாகத் தோன்றலாம், காது பழகிவிடும். கான்செர்ட்டோ நடக்கும்போது மேடைக்கு மேலுள்ள மின்விசிறிகளை நிறுத்திவிடுவோம். நின்றபின் இரைச்சல் குறையும், இசைத்தாள்களும் பறக்காது. அரங்கத்துப் பின்பகுதியில் விசிறிகள் மெதுவாக ஓடும். மேல்மாட வரிசைகளில் ஒலி நன்றாகக் கலந்து வருவதாக எங்கள் ஆசிரியர்கள் கருதுகிறார்கள், எனவே முன்வரிசை கிடைக்காதவர்கள் வருந்த வேண்டியதில்லை.

கட்டணம் உண்டா? சிறு குழந்தைகளை அழைத்து வரலாமா? படம் எடுக்கலாமா?

கட்டணம் இல்லை. முன்பதிவும் இல்லை, 5.30-க்குக் கதவு திறக்கும். குழந்தைகளைத் தாராளமாக அழைத்து வாருங்கள். பொறுமை இழந்தால் வெளியே போய்வர வசதியாகப் பின்கதவை ஒட்டிய இருக்கைகளை அவர்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம். கைப்பேசியில் முற்பகுதியைப் பதிவு செய்யலாம். கான்செர்ட்டோவை மட்டும் தயவுசெய்து பதிவு செய்ய வேண்டாம். நாங்களே முழுமையாகப் பதிவு செய்து பெற்றோருக்கு அனுப்புகிறோம். மேடையிலிருந்து பார்க்கும்போது எதிரே ஒளிரும் திரைகள் பிள்ளைகளின் கவனத்தை மிகவும் சிதைக்கின்றன.

எப்படி வருவது?

ரயிலில் வருவோர் காட்பாடியில் இறங்கி, பாகாயம் போகும் நகரப் பேருந்தில் ஏறலாம். ராணிப்பேட்டை, ஆற்காடு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கமிருந்து பேருந்தில் வருவோருக்குப் புதிய பேருந்து நிலையத்திலிருந்தும் அதே நகரப் பேருந்துகள் உண்டு. கண்ணமங்கலம், கணியம்பாடி வழியாக வருவோர் ஊருக்குள் போக வேண்டியதில்லை, பாகாயத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். சனிக்கிழமை மாலையில் மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் நெரிசல் அதிகம், சற்று முன்னதாகவே புறப்படுங்கள்.

ஒத்திகையைப் பார்க்க அனுமதி உண்டா?

முந்தின நாள் வெள்ளி மாலை 5 மணி ஒத்திகை அனைவருக்கும் திறந்தது. இசை கற்கும் பிள்ளைகள் உள்ள வீட்டார் இரண்டில் ஒன்றுக்குத்தான் வர முடியும் என்றால் ஒத்திகைக்கு வாருங்கள் என்றே சொல்வோம். இசை நடத்துநர் நிறுத்துவதும், தனி வயலின் கலைஞர் திரும்பிப் பார்த்து ஒரு கிளாரினெட் மாணவனிடம் ‘நீ மூச்சு எடுக்கும் இடத்தைச் சொல், நான் காத்திருக்கிறேன்’ என்று கேட்பதும், அதே நான்கு வரியை மீண்டும் தொடங்குவதும் நிகழ்ச்சி நாளில் காணக் கிடைக்காது. வேலூர் மாநகரின் அரசுப் பள்ளிகளிலிருந்து மாணவர்களை அழைத்துவர விரும்பும் ஆசிரியர்கள் முன்கூட்டியே தெரிவித்தால், வாத்தியங்களை அருகிலிருந்து பார்க்கவும் தொட்டுப் பார்க்கவும் ஏற்பாடு செய்கிறோம்.

என் பிள்ளை குழுவில் சேர வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? சொந்தமாக வாத்தியம் வேண்டுமா?

சித்திரையில் சேர்க்கை. எளிய இசைத்தாளைப் பார்த்து வாசிக்கத் தெரிந்திருந்தால் போதும். தேர்வுச் சான்றிதழ்களைப் பார்ப்பதில்லை, பக்கத்திலிருப்பவரோடு சேர்ந்து ஒரு வரி வாசிக்கச் சொல்லிக் கேட்போம்.

வாத்தியம் இல்லாதவர்களுக்கு நாங்கள் இரவல் தருகிறோம். ஆனால் எங்களிடம் இருப்பவற்றில் பெரும்பாலானவை முழு அளவு வயலின்கள். பத்து வயதுப் பிள்ளையின் கைக்கு அரை அளவோ முக்கால் அளவோதான் பொருந்தும், அவைதான் எங்களிடம் குறைவு. பிள்ளை வளர்ந்துவிட்டதால் உங்கள் வீட்டு அலமாரியின்மேல் அப்படியொரு வயலின் பெட்டியோடு சும்மா இருந்தால், நிகழ்ச்சிக்கு வரும்போது எடுத்து வாருங்கள். தந்தி அறுந்திருந்தாலும், வில்லில் முடி உதிர்ந்திருந்தாலும், பிரிட்ஜ் சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை, சரிசெய்துகொள்வோம். நுழைவாயிலில் இடப்பக்கமுள்ள மேசையில் பெற்றுக்கொண்டு சீட்டு எழுதித் தருவார்கள். கொடையாகவும் கொடுக்கலாம், இரவலாகவும் கொடுக்கலாம். எது என்பதை அந்தச் சீட்டில் குறிப்பிட்டால் போதும்.